ஓர் அங்குலத்துக்கான துப்பாக்கி

அன்புள்ள செழியன்,

ஒஹாயோவில் இந்த இலையுதிர் காலத்தில் அணில் வேட்டைக்குப் போக வேண்டும், அதற்கு எந்த ரைபிள் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய பட்டியலில் மோசமான துப்பாக்கி என்று ஒன்றும் இல்லை. ஆனால் வேகமான தோட்டா மேலே, மெதுவானது கீழே என்று அடுக்கியிருக்கிறாயே, அந்த வரிசையைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அணிலுக்கு அதைத் தலைகீழாகத் திருப்பிப் படிக்க வேண்டும். வேகமும் சத்தமும் குறைந்த சின்னத் தோட்டாதான் இந்த வேலைக்குச் சரி. காரணம், இந்த வேட்டையில் தூரத்தைக் குறைப்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். அவன் தன் வேலையைச் செய்தால் துப்பாக்கிக்கு மிச்சமிருப்பது மிகச் சிறிய வேலை. அவன் செய்யாவிட்டால் எந்தத் துப்பாக்கியாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குறியின் அளவைப் பார். அங்கே உள்ள சாம்பல் அணில் அரைக் கிலோவை ஒட்டிய எடை. செம்பழுப்பு நிறத்தில் இருக்கும் ஃபாக்ஸ் அணில் சில சமயம் ஒரு கிலோவைத் தொடும். உருவம் சின்னது என்றாலும் உயிர் கெட்டி. உடம்பில் அடிபட்ட அணில் பல நேரம் கீழே விழாது. கிளையைப் பற்றிக்கொண்டே நகர்ந்து பொந்துக்குள் புகுந்துவிடும். அங்கே அது மெதுவாகச் சாகும், இறைச்சியும் யாருக்கும் இல்லாமல் போகும். தலையில் பட்டால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஒரு துண்டு இறைச்சியும் வீணாகாது. ஆனால் அந்தத் தலையில் உடனே கொல்லக்கூடிய பகுதி ஓர் அங்குல அகலம்கூடத் தேறாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இந்த ரைபிளுக்கு எவ்வளவு சக்தி என்பதில்லை. அந்த ஓர் அங்குலத்துக்குள் ஒவ்வொரு முறையும் குண்டைக் கொண்டுபோய் வைக்குமா என்பதுதான். சக்தி எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ப் பெருகிவிட்ட இதே சாம்பல் அணிலை, 12 அடி-பவுண்டுக்கு மேல் போகாத காற்றுத் துப்பாக்கியால் சுட்டுக் கட்டுப்படுத்துகிறார்கள். சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டா குழலை விட்டு வெளியே வரும்போது சுமார் 100 அடி-பவுண்டு சுமந்து வருகிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு அடி-பவுண்டும் இறைச்சியைக் கெடுக்கத்தான் பயன்படும்.

.22 லாங் ரைபிள் 1887-இல் வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அமெரிக்கக் காடுகளில் அணிலுக்கு முதல் தேர்வாக அது நிற்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. அதிலேயே இரண்டு ரகம் உண்டு. 40 கிரெயின் குண்டை நொடிக்கு 1,200 அடிக்கு மேல் அனுப்பும் ஹை வெலாசிட்டி ஒன்று. 1,070 அடியை ஒட்டி அனுப்பும் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி இன்னொன்று. ஒலியின் வேகம் சுமார் 1,125 அடி என்பதை நினைவில் வைத்துக்கொள். முதல் ரகம் ஒலியைத் தாண்டிப் பறக்கும்போது பட்டென்று ஒரு வெடிப்புச் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். இரண்டாவதில் அது இல்லை, மற்ற அணில்கள் சீக்கிரமே பயம் தெளிந்து வெளியே வரும். யாரும் எதிர்பார்க்காத இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பக்கக் காற்றில் வேகமான .22 குண்டுதான் அதிகமாகத் தள்ளப்படுகிறது, மெதுவானது குறைவாக. காற்று குண்டை ஒதுக்குவது அது பறக்கும் நேரத்தைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பறக்கும்போது எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒலியின் வேகத்தைக் கடக்கும் எல்லையில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று கூடுவதால், ஹை வெலாசிட்டி குண்டு அந்த இடத்தில் நிறைய இழக்கிறது. போட்டிகளில் சுடுபவர்கள் ஒலியைவிட மெதுவான தோட்டாவைத் தேடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீ முதலிடம் கொடுத்திருக்கும் .17 எச்.எம்.ஆர். 2002-இல் வந்தது. 17 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,550 அடி. 100 யார்டு வரை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், துல்லியமும் உண்டு, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த நேர்கோடு உனக்கு எங்கே தேவைப்படப் போகிறது? ஒஹாயோவின் தென்கிழக்கில், வெய்ன் தேசிய வனத்திலோ ஸலெஸ்கி வனத்திலோ, ஓக் காட்டுக்குள் உட்கார்ந்தால் மரத்துக்கு மரம் மறைக்கிறது. தெளிவாகக் கிடைக்கும் குறி பெரும்பாலும் 20-லிருந்து 50 யார்டுக்குள்தான். 100 யார்டில் ஒரு தலை தெரிந்தாலும், மேசையில்லாமல், முழங்காலில் கை ஊன்றி, ஓர் அங்குலத்துக்குள் அடிக்கும் கை புதியவனுக்குக் கிடையாது. தலைக்கு வைத்த குறி இரண்டு அங்குலம் இறங்கித் தோளில் பட்டால், .22 அதைத் துளைக்கும்; .17 முன்பாதியையே சிதறடித்துவிடும். மேற்கு மாநிலங்களின் திறந்த வெளியில், தொலைவில் நிற்கும் தரை அணில்களுக்கு அது அருமையான தோட்டா. உன் காட்டுக்கு அது தேவையில்லை. விலையும் அதிகம், விலை அதிகமானால் பயிற்சிக்குச் சுடுவது குறையும். எனக்கு இதுதான் பெரிய குறை.

தோட்டா முடிவானால் ரைபிள் எளிது. போல்ட் ஆக்‌ஷன் வாங்கு. சி.இசட். 457, சாவேஜ் மார்க் 2 என்று நீ எழுதியவற்றில் எது தோளில் சரியாக உட்காருகிறதோ, எதன் விசை கரகரப்பில்லாமல் விடுபடுகிறதோ அது. ரூகர் 10/22 போல ஒவ்வொரு அழுத்தலுக்கும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோ இருந்தால் தவறிய குறியை உடனே சரிசெய்யலாமே என்பாய். 1964-லிருந்து விற்கும் அந்த ரைபிளை நான் குறை சொல்லவில்லை. யாராவது உனக்குக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள். ஆனால் உடனே சுடலாம் என்ற நினைப்பே முதல் குண்டை அலட்சியமாக்குகிறது. கிளைகளுக்குள் ஓடும் அணிலின் பின்னால் நான்கு குண்டுகளை அனுப்பினால் நான்கும் எங்கோ போய் விழும். போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் இரண்டு நொடியில் யோசிக்க இடம் கிடைக்கிறது. ஸ்கோப்பில் பெரிய எண்களைத் தேடாதே. நான்கு மடங்கு, மிஞ்சிப்போனால் ஏழு மடங்கு போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் பார்வை வட்டம் சுருங்கி, இலைகளுக்குள் அணிலையே தேடிக்கொண்டிருப்பாய். கவனிக்க வேண்டியது வேறு: பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகளை 100 யார்டுக்குச் சீரமைத்து விற்பார்கள், அவை கிட்டத்தில் கண் சற்று விலகினாலே குறியை நகர்த்திக் காட்டும். .22 போன்ற ரிம்ஃபயர் ரைபிளுக்கென்று 50 யார்டுக்குச் சீரமைத்ததாகக் கேட்டு வாங்கு.

பிறகு நான்கைந்து கம்பெனித் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு .22 ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை விரும்புவதில்லை. ஒன்றில் அங்குலத்துக்குள் சேர்ந்து விழுவது இன்னொன்றில் சிதறும். உன் ரைபிள் எதை விரும்புகிறது என்பது தாளில் சுட்டால்தான் தெரியும். 50 யார்டுக்குக் குறியைச் சரிசெய்துவிட்டு 10, 25, 60, 75 யார்டுகளிலும் சுட்டு எழுதி வைத்துக்கொள். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் தள்ளி உட்கார்ந்திருப்பதால், 10 யார்டில் குண்டு நீ குறி வைத்த இடத்துக்குக் கீழேதான் படும். காலடியில் வந்து நிற்கும் அணிலைப் பலர் தவறவிடுவது இதனால்தான். 75 யார்டிலோ இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருக்கும். மேசையில் சுடுவதை அத்தோடு நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார். முதுகு சாய்ந்து, முழங்கால்கள் உயர்ந்து, முழங்கை எலும்பு முழங்கால் எலும்பின் மேல் நிற்காமல் அதற்குச் சற்று உள்ளே தொடைச் சதையில் ஊன்ற, ஓர் அங்குல வட்டத்தில் ஐந்து குண்டு சுடு. ஐந்தும் உள்ளே விழும் அதிகபட்ச தூரம் எதுவோ, அதுதான் காட்டில் உன் எல்லை. அது 30 யார்டு என்றால் 30 யார்டுதான். மூன்று விழுந்தது, நான்கு விழுந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. விழாத அந்த ஒன்றுதான் பொந்துக்குள் போய்ச் சாகும் அணில்.

எல்லை 30 யார்டு என்றால் வேட்டையே நடக்காதே என்று நீ கேட்கலாம். நடக்கும், துப்பாக்கியால் கடக்க முடியாத தூரத்தை அணிலே கடந்து வரும், நீ சரியான மரத்தடியில் இருந்தால். செப்டம்பரில் ஹிக்கரி மரம் தேடு. அதன் அடியில் கொட்டையின் ஓட்டைப் பல்லால் சீவிப் போட்ட துணுக்குகள் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்: வெளிர்ந்து ஈரமாக இருந்தால் இன்று காலையோ நேற்றோ தின்றது, கறுத்துக் காய்ந்திருந்தால் அந்த மரத்தை விட்டுவிடு. காற்றில்லாத காலையில் இந்தத் துணுக்குகள் இலைமேல் விழுவது தூறல் மாதிரிக் கேட்கும். அணிலைக் கண் காண்பதற்கு முன் காது கண்டுவிடும். ஹிக்கரி முடிந்ததும் வெள்ளை ஓக்கின் முறை. வெள்ளை ஓக் கொட்டை விழுந்த அந்த இலையுதிர் காலத்திலேயே முளைவிடும். சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை தூங்கும். அணிலுக்கு இந்த வேறுபாடு தெரியும். வெள்ளை ஓக் கொட்டையை அங்கேயே தின்கிறது, புதைத்தால் முளையைக் கடித்து எறிந்துவிட்டுப் புதைக்கிறது. சிவப்பு ஓக்கை அப்படியே சேமிக்கிறது. எனவே அக்டோபரில் வெள்ளை ஓக்கடியில் மரத்தின் மேலே பார். டிசம்பரில் சிவப்பு ஓக் நிற்கும் சரிவுகளில் தரையைப் பார், புதைத்ததைத் தோண்டிக்கொண்டிருக்கும். தரையில் இருக்கும் அணில்தான் எல்லாவற்றிலும் நல்ல குறி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விடிவதற்கு முன்பே போய், உன் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிடு. விடிந்து இரண்டு மணி நேரம், பிறகு மாலையின் கடைசி இரண்டு மணி நேரம். நடுப்பகலில் பெரிதாக எதுவும் நடக்காது. பலத்த காற்று அடிக்கும் நாளில் வீட்டிலேயே இரு. கிளைகள் ஆடினால் அவை வெளியே வரத் தயங்கும், உனக்கும் எந்த அசைவு அணில் என்று தெரியாது. நீ நடந்து வந்த சத்தத்தில் காடு அடங்கியிருக்கும். கால் மணி நேரமாவது அசையாமல் இருந்தால்தான் மறுபடி உயிர் பெறும். அணில் உன்னைக் கண்டுவிட்டால் ஓடுவதைவிட மரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வழக்கம். நீ சுற்றிப் போனால் அதுவும் சுற்றும். இரண்டு பேர் போனால் ஒருவர் மெல்ல நடந்து சுற்ற, அது மற்றவர் பக்கம் வரும். தனியாக இருந்தால் மறுபக்கம் ஒரு கல்லை எறிந்து பார், இல்லையென்றால் பொறுத்திரு. பத்து நிமிடம் பொறுக்கத் தெரிந்தவனுக்கு அது தலையை நீட்டிப் பார்க்கும். சுட்டு விழுந்தபின் ஓடிப்போய் எடுக்காதே. விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தால் அதே மரத்துக்கு இன்னொன்று வரும். ஒரே விதிவிலக்கு அடிபட்டுத் துடிப்பது. அதை உடனே போய் முடிக்க வேண்டும்.

இனி, இந்தக் கடிதத்தில் நீ மறக்கவே கூடாத பகுதி. .22 தோட்டாப் பெட்டியை எடுத்துப் படித்தால் குண்டு ஒன்றேகால், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். அணில் மரத்தில் வாழ்வது, அதனால் குழல் எப்போதும் மேல்நோக்கியே சாயும். நுனிக்கிளையில், பின்னால் வெறும் வானம் தெரிய உட்கார்ந்திருக்கும் அணில் எவ்வளவு அழகான குறியாக இருந்தாலும் அது குறியே இல்லை. குண்டு தலையைத் துளைத்துப் போனாலும், தவறிப் போனாலும், மலைக்கு அந்தப் பக்கம் யாருடைய முற்றத்திலோ இறங்கும். பின்னால் தடித்த அடிமரமோ, கிளைக்கவடோ, மண்சரிவோ இருந்தால் மட்டுமே விசையில் விரல் போகட்டும். அதனால்தான் தரையில் மேயும் அணிலைச் சிறந்த குறி என்றேன். இங்கே ஷாட்கன்காரர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் வைப்பார்கள்: 20 கேஜில் 6-ஆம் எண் ரவையைப் போட்டால் எந்தக் கிளையிலும் சுடலாம், ரவை சில நூறு யார்டுக்குள் வலுவிழந்து உதிர்ந்துவிடும், ஓடும் அணிலையும் விழவைக்கலாம். அது முழுக்க உண்மை. செப்டம்பரில், இலை அடர்ந்து எதற்குப் பின்னால் எது இருக்கிறதென்றே தெரியாத காட்டில், ரைபிளைவிட ஷாட்கன்தான் பொறுப்பான கருவி. ஆனால் அதற்குப் பதிலாக நான் சொல்வது வேறு: செப்டம்பரில் சுடுவதை விட்டுவிடு, ஹிக்கரியடியில் உட்கார்ந்து கவனித்துப் பழகினால் போதும். கோடைக் குட்டிகளுக்குத் தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் காலம் அது. பல அணில்களின் தோலுக்கடியில் ஈயின் புழு கட்டியாகப் புடைத்திருக்கும், உரிக்கும்போது அருவருப்பாகிவிடும். உறைபனி விழுந்து, புழு ஒழிந்து, இலையும் கொட்டியபின் பின்புலம் தெரிகிறது, ரைபிளுக்கு வேளை வருகிறது. காத்திருப்பதற்கு ஷாட்கன் வாங்கும் செலவும் இல்லை.

உன் அம்மா கேட்கப்போவது இதில் எதையும் அல்ல. ராமர் தடவிய முதுகை எப்படிச் சுடலாம் என்று கேட்பாள். கோடு போட்ட நம் அணில் வேறு, இது வேறு என்று சொல்லித் தப்பிக்காதே. அது பதில் ஆகாது. எதையும் கொல்லக் கூடாது என்பவருக்கு முன் எனக்கு வாதம் இல்லை, அவர்களை மதிக்கிறேன். கோழி தின்கிற வீட்டுக்கு ஒரு பதில் உண்டு. ஒஹாயோவில் 1807-இல் வரி கட்டுகிறவர்கள் அணில் தலைத்தோலும் கொண்டுவந்து தர வேண்டும், பத்துக்குக் குறையாமல், நூறுக்கு மேற்படாமல், என்று சட்டமே இருந்தது. பயிரைத் தின்னும் பிராணியை ஒழிப்பதுதான் அதன் நோக்கம். இன்று அதே மாநிலத்தில் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை, நாளுக்கு ஆறுக்கு மேல் கூடாது. சாம்பல் அணில் குட்டிகளில் பெரும்பாலானவை வேட்டைக்காரன் இல்லாமலே முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை; அளவோடு எடுப்பது இனத்தைக் குறைப்பதில்லை. 1937-லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் கூட்டாட்சி வரி, காட்டுயிர்களைக் காக்க மாநிலங்களுக்குத்தான் போகிறது. இந்த வாதமெல்லாம் நிற்பது ஒரே நிபந்தனையில்: சுட்டதைத் தின்ன வேண்டும். வயதான அணில் இறைச்சி கடினம். மிளகு தட்டிப்போட்டு நிதானமான தீயில் நெடுநேரம் வேகவை. ஆறு கிடைக்கும் என்பதற்காக ஆறு எடுக்காதே. இரண்டு பேர் வீட்டுக்கு மூன்று போதும்.

கடைசியாக, நீ எச்-1பி விசாவில் இருக்கிறாய் என்பதை மறந்துவிடாதே. குடியேற்ற உரிமை இல்லாத விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. முறையாகப் பெற்ற மாநில வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமத்துக்கு முன் நண்பனின் ரைபிளை வாங்கி மைதானத்தில் சுட்டுப் பார்ப்பதுகூட வம்பு. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். மான் வேட்டை நடக்கும் வாரங்களில் ஆரஞ்சு உடுப்பில்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதே. விடுமுறையில் ஊருக்கு வரும்போது இந்தத் திறமையை இங்கே காட்ட நினைக்காதே. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சிறைக் குற்றமாகத்தான் பார்க்கும்.

எனவே முதலில் வேட்டைக் கல்வி வகுப்புக்குப் பெயர் கொடு, தேறியதும் உரிமம் எடு, அதன் பிறகு கடைக்குப் போ. ரைபிள் வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டியும் வாங்கு. தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. மிச்சப் பணத்தில் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டா வாங்கித் தரையில் உட்கார்ந்து சுட்டுப் பழகு. இலை கொட்ட அக்டோபர் கடைசி ஆகும். அதுவரை உனக்குப் போதுமான நாள் இருக்கிறது.

அன்புடன்,
உன் மாமா